இடது காலுக்கு ஓய்வு: பழைய காருக்கு ஆட்டோமேட்டிக் கியர் பொருந்துமா?

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் அமர்பவரின் இரு கால்களும் தரைமட்டத்துக்குக் கீழே, குழிக்குள் இருக்கும். மிதிப்பலகையை அழுத்தினால்தான் பாவு இரண்டாகப் பிரிந்து நாடா ஓட வழிவிடும். புடைவையில் விழும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஒரு மிதி உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் இப்படி மிதித்த ஒருவரைப் பிள்ளையார்பாளையத்தில் எண்ணிக்கொள்வோம். தறியை மகனிடமோ கூலிக்கோ விட்டுவிட்டார். வீட்டு வாசலில் 1990-களில் வாங்கிய மாருதி 800 ஒன்று நிற்கிறது. கார்புரேட்டர் வண்டி, நான்கு கியர். இன்றும் ஒரே சாவித் திருப்பலில் கிளம்புகிறது. ஆனால், கிளட்சை மிதிக்க இடது முழங்கால் மறுக்கிறது.

முழங்கால் தேய்மானம் ஒரு காரணம் மட்டுமே. பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்தவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தை இழந்தவர்கள், குழந்தைப் பருவத்தில் போலியோவால் ஒரு கால் சூம்பியவர்கள் என இவ்வரிசை நீளும். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸின் கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. நோய் ஒழிந்துவிட்டது, அது விட்டுச்சென்ற தலைமுறை இன்று நடுவயதில் இருக்கிறது. இவர்களில் பலருக்கு வலது கால் முழு வலுவுடன் உள்ளது. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் வலது காலின் வேலை. தடையாக நிற்பது கிளட்ச் என்னும் ஒற்றைப் பெடல்தான்.

'ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக்கொள்ளலாமே' என்பது எளிய பதில். கையில் பணம் இருப்பவருக்கு. இல்லாதவர் கேட்கும் கேள்வி வேறு: 'இருக்கிற வண்டியிலேயே ஆட்டோமேட்டிக் கியர் போட முடியாதா?' மெக்கானிக்குகள் பெரும்பாலும் 'முடியும், ஆனால்...' என்று இழுப்பார்கள். அந்த 'ஆனால்' எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருப்பது தெரியவரும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிடலாம். கார்புரேட்டர் வண்டிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஒத்துவராது என்று பலர் சொல்வது சரியன்று. பெருமளவில் உற்பத்தியான முதல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான ஜெனரல் மோட்டார்ஸின் 'ஹைட்ரா-மேட்டிக்' அறிமுகமான ஆண்டு 1939. அன்று கார்புரேட்டரைத் தவிர வேறு முறை கார்களில் அரிது. பிரிட்டனின் சின்னஞ்சிறு மினி காருக்கும் 1965-இல் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. அவ்வளவு ஏன், நம் மாருதி 800-க்கு உறவான சுசூகி ஆல்டோ, வெளிநாடுகளில் இரண்டே வேகங்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடனும் விற்கப்பட்டது. இந்தியாவுக்குத்தான் அது வரவில்லை.

கணினி இல்லாத அக்காலத்தில் கியர்பாக்ஸ் தானாக எப்படி முடிவெடுத்தது? அதற்கு இரண்டு செய்திகள் தேவைப்பட்டன. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறார் என்பது ஒன்று. வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மற்றொன்று. முதல் செய்தியைக் கார்புரேட்டரின் த்ராட்டில் கையிலிருந்து செல்லும் ஒரு கம்பிக் கேபிளோ, எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடமோ கொண்டுசேர்க்கும். இரண்டாவது செய்தியை, வெளிச்செல்லும் தண்டோடு சேர்ந்து சுழலும் 'கவர்னர்' என்ற சிறு கருவி தரும். இரண்டும் எண்ணெய் அழுத்தங்களாக மாறி ஒரு வால்வின் இரு பக்கங்களிலும் மோதும். வேகத்தின் அழுத்தம் வென்றால் அடுத்த கியர். காலின் அழுத்தம் வென்றால் அதே கியரில் நீடிப்பு. தராசின் இரு தட்டுகளைப் போன்ற ஏற்பாடு இது, மின்சாரமே தேவையில்லை.

இந்த நேர்த்திக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. கேபிளின் இழுவை, அந்தக் கியர்பாக்ஸோடு பிறந்த கார்புரேட்டரின் கை நீளத்துக்கும் திரும்பும் கோணத்துக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டது. வேறொரு கார்புரேட்டரில் அதை மாட்டினால் பாதி அழுத்தத்தைக் கால் அழுத்தம் என்றும், முழு அழுத்தத்தைப் பாதி என்றும் அது தவறாகச் சொல்லும். பல வகைக் கியர்பாக்ஸ்களில் இதே கேபிள்தான் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை இறுகப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. அழுத்தம் குறைந்தால் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் சூடேறிக் கருகும். ஓட்டுபவருக்கு வண்டி 'கொஞ்சம் மென்மையாக' கியர் மாறுவதுபோல் மட்டுமே தோன்றும். உண்மை தெரியவருவதற்குள் கியர்பாக்ஸ் முடிந்துவிட்டிருக்கும்.

இன்றைய கார்களின் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவந்து மாட்டலாமா என்றால், அது இன்னும் பெரிய சிக்கல். அவற்றின் வால்வுகளை இயக்குவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எஞ்சினின் சுமை, த்ராட்டிலின் நிலை, தண்டுகளின் சுழற்சி, எண்ணெயின் வெப்பம் என்று பல உணர்விகளிடமிருந்து அதற்குச் செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் அந்த உணர்விகள் இல்லை. அவற்றைச் சேர்த்துத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைப்பது மேலைநாடுகளில் பொழுதுபோக்காகச் செய்யப்படும் வேலை. அதற்குச் செலவாகும் தொகையில் இங்கே ஓர் ஓரளவு புதிய காரையே வாங்கிவிடலாம்.

ஆக, பழைய ஹைட்ராலிக் வகைதான் பொருந்தும். 1980-களிலும் 90-களின் முற்பாதியிலும் இந்தியச் சாலைகளில் ஆட்டோமேட்டிக் கார் என்பதே அபூர்வம் என்பதால், சென்னை புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேடினாலும் நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எஞ்சினோடு இணையும் முகப்பின் போல்ட் துளைகள் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கிடையிலும் இதுவே நிலை. ஃபிளைவீலை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டரைத் தாங்கும் தகட்டை வைக்க வேண்டும். மாருதியாக இருந்தால் டிரைவ் ஷாஃப்ட்டுகளின் நீளமும் எஞ்சின் மவுண்ட்டுகளின் இடமும் மாறும். அம்பாசடராக இருந்தால் நடுத்தரையின் மேட்டை வெட்டி அகலப்படுத்தி, புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சமன் செய்ய வேண்டியிருக்கும். எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் குளிர்விப்பான் வேண்டும். கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரத்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் வண்டியில், டார்க் கன்வெர்ட்டருக்குள் வழுக்கும் எண்ணெய் கொதிநிலையை நோக்கித்தான் போகும்.

எஞ்சினின் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி சிக்னலில் கியரோடு நிற்கும்போது எஞ்சினின் மீது எப்போதும் ஒரு சுமை இருக்கும். எரிபொருளைக் கணினி அளந்து கொடுக்கும் வண்டி அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஐடிலிங் தாழ்ந்து எஞ்சின் நின்றுவிடும். ஐடிலிங்கை நிரந்தரமாக உயர்த்தி வைத்தால், பிரேக்கிலிருந்து கால் சற்றே விலகினாலும் வண்டி முன்னால் பாயும். ஏறத்தாழ 37 குதிரைத்திறன் மட்டுமே உள்ள 796 சி.சி. எஞ்சினின் வலுவில் ஒரு பங்கை டார்க் கன்வெர்ட்டர் விழுங்கிவிட்டால், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறுவதே பெரும்பாடாகிவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு 'முடியவே முடியாது' என்று நான் சொல்லப்போவதில்லை. திறமையான பட்டறையில் முடியும். ஆனால், செலவழித்த பிறகு கையில் இருப்பது உதிரிபாகம் கிடைக்காத, வேறு எந்த மெக்கானிக்கும் தொட அஞ்சும் ஒற்றை வண்டி. காலில் வலு குறைந்தவருக்கு நடுவழியில் நின்றுவிடாத வண்டி வேண்டும். அதற்கு இது நேர் எதிரானது.

இங்கேதான் கேள்வியை மாற்ற வேண்டியிருக்கிறது. அவருக்குக் கியர் தானாக மாற வேண்டிய தேவை இல்லை. கியர் மாற்றும் இடது கை நன்றாகவே இயங்குகிறது. இடது கால் செய்துவந்த வேலையை வேறொன்று செய்தால் போதும்.

காஞ்சிபுரத்துக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. புடைவையில் அன்னமும் மயிலும் எழ, எந்த இழை எப்போது மேலெழ வேண்டும் என்பதை ஒரு காலத்தில் 'அடை' என்ற நூற்கட்டுகளைக் கையால் இழுத்துத் தீர்மானித்தார்கள். பின்னர் ஜக்கார்டு வந்தது. தறியைத் தூக்கியெறிந்துவிட்டு யாரும் புதுத் தறி வாங்கவில்லை. அதே குழித்தறியின் தலைக்கு மேல் சட்டம் கட்டி ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றினார்கள். பாவும் நாடாவும் அச்சும் அப்படியே இருந்தன. இழை தூக்கும் வேலை மட்டும் கைமாறியது. அந்த ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவது கடினம் என்பதால், இப்போது சில தறிகளில் அந்தத் தூக்கலுக்கு மட்டும் சிறு மோட்டார் வைக்கிறார்கள். (மோட்டார் வைத்த தறி இன்னும் கைத்தறிதானா என்ற வழக்கு தனியே இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எல்லாத் தறியும் கைத்தறி என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.)

கார் நிறுவனங்களும் இதே வழியில்தான் வந்தன. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து பரவலான ஏ.எம்.டி. என்பது, வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸின் மீது கிளட்சையும் கியர்த் தண்டையும் இயக்கும் கருவிகளைப் பொருத்திய ஏற்பாடுதான். காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 2018-இல் மறுபிறவி எடுத்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோவிலும் அதுவே இருந்தது. குறைந்த செலவில் ஆட்டோமேட்டிக் தர, கியர்பாக்ஸை மாற்றாமல் அதன்மேல் கை வைத்தார்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இதன் எளிய வடிவம் போதும்: கிளட்சை மட்டும் தானியங்கியாக்குவது. இதற்கும் வயதான முன்னோடி உண்டு. நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார், 1950-களின் நடுவில் பிரிட்டனில் 'மேனுமேட்டிக்' என்ற ஏற்பாட்டோடும் விற்கப்பட்டது. அதில் இரண்டே பெடல்கள். கியர்த் தண்டின் மீது கை பட்டதும் ஒரு மின்சுவிட்ச் இயங்கும். எஞ்சினின் வெற்றிடம் ஓர் உருளையை இழுத்துக் கிளட்சைப் பிரிக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1968-இல் வந்த 'ஆட்டோஸ்டிக்'கிலும் கிளட்சை இழுத்தது வெற்றிடமே. அம்பாசடர் இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு பெடல் வசதி மட்டும் கப்பலேறி வரவில்லை.

கார்புரேட்டர் வண்டியின் குறையாகச் சொல்லப்படுவது இங்கே நிறைவாகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் த்ராட்டில் மூடி, எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் வெற்றிடம் உச்சத்துக்குப் போகும். கியர் மாற்றும்போது நாம் ஆக்சிலரேட்டரை விடுகிறோம் அல்லவா? கிளட்சை இழுக்க வலு தேவைப்படும் அதே கணத்தில் வெற்றிடமும் தயாராக இருக்கிறது. மேடு ஏறும்போது முழு ஆக்சிலரேட்டரில் வெற்றிடம் ஏறத்தாழ மறைந்துவிடும் என்பதால், ஒருவழி வால்வு பொருத்திய சிறு சேமிப்புத் தொட்டி தேவை. வெற்றிடத்துக்குப் பதில் மின்மோட்டாரால் கிளட்சை இழுக்கும் வகைகளும் உண்டு. அவற்றுக்கு வேண்டிய எஞ்சின் வேகத்தை இக்னிஷன் காயிலின் துடிப்பிலிருந்தே எடுத்துவிடலாம். த்ராட்டில் கையில் ஒரு சுவிட்ச் வைத்தால் காலின் நிலையும் தெரிந்துவிடும்.

இம்முறையிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதுவும் அதே உறிஞ்சுகுழாய் வெற்றிடத்தையே நம்பியிருக்கிறது. கிளட்ச் உருளைக்குப் போகும் குழாயில் கசிவு ஏற்பட்டால் பிரேக் கடினமாகிவிடக்கூடும். எனவே இரண்டுக்கும் தனித்தனி வால்வு இன்றியமையாதது. கியர் நியூட்ரலில் இல்லாதபோது ஸ்டார்ட்டர் இயங்காதபடி சுவிட்ச் இல்லையென்றால், சாவியைத் திருப்பியதும் வண்டி எதிர்வீட்டுத் திண்ணையை நோக்கிப் பாயும். கிளட்ச் எவ்வளவு மெதுவாகச் சேர வேண்டும் என்பதைப் பட்டறையில் நிற்கும் வண்டியில் சரிசெய்துவிட முடியாது. மேட்டிலும் நெரிசலிலும் ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். வலது கால் பாதிக்கப்பட்டவருக்கு இது மட்டும் போதாது. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கைக்குக் கொண்டுவர வேண்டும். அது தனி ஏற்பாடு.

இயந்திரத்தின் பக்கம் வழி இருக்கிறது. சட்டத்தின் பக்கம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே சட்டப் பிரிவு, 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்றும் விளக்குகிறது. கியர்பாக்ஸை மாற்றுவது அடிப்படைத் தன்மையை மாற்றுவதா? பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், எடை போன்றவற்றைத்தான் நாம் வழக்கமாகக் காண்கிறோம். நடுத்தரையை வெட்டி, எடையையும் கூட்டும் வேலை அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்றே நான் கருதுகிறேன். அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தனிக் கதவைத் திறந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், பழைய சட்டத்தில் 'ஊனமுற்றோர் வண்டி' என்ற பொருளில் இருந்த சொல்லை நீக்கிவிட்டு 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்ற கருத்தைக் கொண்டுவந்தது. எவரும் தம் வண்டியைத் தகவமைக்கப்பட்ட வாகனமாக மாற்றிவிட்டு, அதன்பின் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்கிறது திருத்தப்பட்ட 52(2). முன்கூட்டியே அனுமதி வாங்க அலைய வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. இன்னொரு பக்கம் பார்த்தால், பணத்தைச் செலவழித்து முடித்த பிறகே ஏற்பா மறுப்பா என்பது தெரியும்.

வரையறையில் ஒரு முடிச்சும் இருக்கிறது. அத்தகைய வாகனம் அந்த மாற்றுத்திறனாளியால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். வீட்டில் இரண்டு கார் உள்ளவருக்கு இது பொருட்டில்லை. ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, தந்தை மருத்துவமனைக்கும் மகன் காந்தி சாலைக் கடைக்கும் போய்வரும் குடும்பத்துக்கு, இந்த ஒற்றைச் சொல் இடறும். கிளட்சை இழுக்கும் ஓர் உருளை கூடுதலாக இருப்பதால் மகன் ஓட்டும்போது வண்டிக்கு எந்தக் குறையும் வந்துவிடுவதில்லை. சட்டம் இங்கே பழைய மூன்றுசக்கர வண்டிக் காலத்து மனநிலையிலேயே நிற்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 41-ஆம் பிரிவு, தனிநபர் நடமாட்டத்தைத் தாங்கக்கூடிய செலவில் ஊக்குவிக்க அரசு வகுக்க வேண்டிய திட்டங்களில் 'வாகனங்களில் மறுபொருத்தம்' என்பதையும் வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பொருள் புதிய கார் வாங்குபவருக்கு வரிச் சலுகை தருவதோடு நின்றுவிட முடியாது. மறுபொருத்தம் தேவைப்படுவதே பழைய வண்டிக்குத்தான். எந்தக் கருவிகள் எந்த மாடல்களில் பாதுகாப்பானவை என்று சோதித்து ஒரு பட்டியலை வெளியிட்டால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் தம் சொந்தத் துணிவில் முடிவெடுக்க வேண்டிய நிலை இராது. சோதிக்கும் வசதிக்கும் வெகுதூரம் போக வேண்டாம். மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி மையம் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் இருக்கிறது.

அதுவரை, இந்த வேலையில் இறங்குபவர் செய்ய வேண்டியவை சில. உடற்குறைபாட்டுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மறுபொருத்தம் முடிந்ததும் பதிவுச் சான்றில் அதைக் குறித்துக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது இந்தக் குறிப்பு இல்லாதது சிக்கலாகும். ஓட்டுநர் உரிமத்திலும் தகவமைக்கப்பட்ட வாகனத்துக்கான தகுதி வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டிக்குக் கட்டணத் தள்ளுபடி தரும் வழக்கமும் மோட்டார் காப்பீட்டில் உண்டு. அதற்கும் பதிவுச் சான்றில் குறிப்பு இருக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் ஒன்றை மறவாமல் சொல்லிவிட வேண்டும்: கிளட்ச் பெடலைக் கழற்ற வேண்டாம். கருவி பழுதானால் வேறொருவர் வந்து வழக்கம்போல் ஓட்டி வண்டியை வீடு சேர்க்க அது வேண்டும். இடது கால் தற்செயலாக அதில் இடறாதபடி மடக்கிவைக்கும் ஒரு தடுப்பு மட்டும் போதும்.